நீல நூல் சுற்றிய கம்பு

பாசிக்குடாவில் கண்ணாடி போட் ஓட்டுகிற ஜெயந்தனுக்கு முப்பத்தெட்டு வயது. படகின் அடியில் கண்ணாடி பதித்திருக்கும். குனிந்து பார்த்தால் முருகைக் கல்லும் மீனும் தெரியும். ஏறுகிற வெள்ளைக்காரர் எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். ஜெயந்தனோ வெள்ளைக்காரரைப் பார்ப்பான். பார்த்துவிட்டு இயந்திரத்தை மெல்ல விட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் நாலு கேள்வி கேட்பான். உங்கள் நாட்டில் பிள்ளை எத்தனை வயதில் பள்ளிக்கூடம் போகும்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? டியூசன் உண்டா? வாத்தியார் அடிப்பாரா?

பக்கத்துப் படகை ஓட்டுகிற ஓட்டமாவடி மர்சூக்குக்கு இதைக் கண்டாலே சிரிப்பு வந்துவிடும். "மச்சான், மீன் காட்டச் சொன்னா நீ சோதனையெல்லோ வைக்கிறாய்! பெயில் ஆகினா கடலுக்க இறக்கி விட்டிருவியா?" என்பான்.

ஜெயந்தன் அசைய மாட்டான். பன்னிரண்டு வருசத்தில் உலகத்துப் பள்ளிக்கூடம் பாதியை அவன் இப்படியே அளந்து வைத்திருந்தான். ஜேர்மன்காரன் பிள்ளைகள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். கேட்டீர்களா அநியாயத்தை! கொரியாக்காரன் பிள்ளைகள் இரவு பத்து மணி வரைக்கும் டியூசனாம். அவனுக்கு ஒரு செவ்விளநீர் சும்மாவே வெட்டிக் கொடுத்தான். ஒரு ரஷ்யாக்காரன், தன்னை அப்பா இடுப்புப் பட்டியால் விளாசியதை நடித்துக் காட்டிச் சிரித்தான். அவனுடைய முதுகில் ஜெயந்தன் சந்தோசத்தில் ஒரு தட்டுத் தட்டினான். சுவீடன், பிரான்ஸ், ஒஸ்ரேலியா எல்லாம் அவனுடைய கணக்கில் பெயில். அடிக்காத நாட்டில் படிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பான்.

இந்தக் கிறுக்கு அவனுக்கு எங்கேயிருந்து வந்தது என்று அறிய வேண்டுமானால் அவனுடைய இடது கைச் சின்ன விரலைப் பார்க்க வேண்டும். அது நடுவில் மடங்கி, வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும். கிரானில் ஆறாம் ஆண்டு படிக்கும்போது, ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டில் தடக்குப்பட்டான். நல்லரத்தினம் சேர் அப்போது புதிதாக வேலைக்கு வந்த இளந்தாரி. கையைத் திருப்பச் சொல்லிப் புறங்கையில் போட்டார். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் பின் வாங்கில் இருந்த பிள்ளைகள் வரைக்கும் கேட்டது. அன்றைக்கு மதில் பாய்ந்து ஓடியவன் ஓடியவன்தான். அப்பா சீனித்தம்பி, யாரோ ஒருவருடைய வயல் வட்டையில் கூலிக்கு நெல் வெட்டுகிற மனிதர், முறிந்த விரலோடு அவனைத் தரதரவென்று பள்ளிக்கூடத்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்பாவின் கையைக் கடித்துவிட்டு மறுபடி ஓடினான். அதற்கு மாட்டுக் கயிற்றால் விழுந்தது அடி. நாலு நாள் குப்புறப் படுத்தான். பிறகு வாழைச்சேனையில் மீன் வள்ளம் ஏறினான்.

அடிக்குப் பயந்து ஓடினவன் என்றுதான் ஊர் அவனைச் சொல்லிற்று. கலியாண வீட்டிலும் சொல்லிற்று, செத்த வீட்டிலும் சொல்லிற்று. சொல்லச் சொல்ல அவனும் அதை நம்பிவிட்டான். கூடப் படித்து அடி தாங்கியவன் ஒருவன் இப்போது கிராம சேவகர். "இன்னும் ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திருந்தா நானும் கதிரையில இருந்திருப்பன்" என்று தன் மனைவி நிருஷாவிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பான்! அவள் உலை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அடித்த கையின் மேல் அவனுக்குக் கோபமே இல்லை. ஓடிய தன் காலின் மேல்தான் கோபம் முழுக்க.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, தக்ஷாயினி. புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து, மட்டக்களப்பு டவுனில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் சேர வேண்டும். ஜெயந்தன் இந்த உலகத்தில் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். அதற்காக அவன் அவளை யாரிடம் கொண்டுபோனான் தெரியுமா? அதே நல்லரத்தினம் சேரிடம்! ஓய்வு பெற்று, வீட்டு வளவில் கொட்டில் போட்டு ஐந்தாம் ஆண்டுக்கு டியூசன் நடத்துகிறார். போன வருசம் பாஸான பதினொரு பிள்ளைகளின் படத்தைப் பதாகையாக அடித்து ரோட்டில் கட்டியிருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நேற்று வந்த வழக்கம் அல்ல, சேர் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஜெயந்தன் படித்த காலத்திலும் உள்ளது. விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்க்கும்போது தகப்பன் ஒரு தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதற்கு மேல் தன் கையால் வெட்டிய கம்பு ஒன்றையும் வைத்துக் கொடுக்க வேண்டும். கம்பில் அடையாளத்துக்கு ஏதாவது சுற்றியிருக்க வேண்டும். ஒருவன் சிவப்புச் சீலை சுற்றுவான், ஒருவன் செப்புக் கம்பி சுற்றுவான். நாற்பது கம்பும் மூலையில் பெயின்ற் வாளி ஒன்றுக்குள் நிற்கும். பிழை விட்ட பிள்ளை தானாக எழும்பிப் போய், தன் தகப்பனின் கம்பைத் தேடி எடுத்துவந்து சேரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் கம்பால் சேர் தொடவே மாட்டார். அது அவருடைய நீதி.

வாவியோரம் இறங்கி, கணு இல்லாத கண்ணா மரக் கம்பு ஒன்றைத் தேடி வெட்டினான் ஜெயந்தன். மூன்று நாள் நிழலில் காயப்போட்டான். உடைந்த போத்தல் ஓட்டால் சீவி, தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்தான். பிள்ளையின் கையில் சிராய் ஏறிவிடக் கூடாதே! பிடிக்கிற இடத்தில் படகு கட்டுகிற நீல நைலோன் நூலை வரிசை பிசகாமல் சுற்றினான்.

"அடிக்கக் குடுக்கிற கம்புக்கு ஆராச்சும் எண்ணெய் பூசுவாங்களா?" என்றாள் நிருஷா.

"உனக்கு இதெல்லாம் விளங்காதுகா. நீ போய் புள்ளைட சட்டையை அயன் பண்ணு."

தட்டத்தை நீட்டியபோது சேர் கண்ணாடிக்கு மேலால் அவனைப் பார்த்தார். "நீயும் என்னட்டப் படிச்சனியா?"

"ஆறாம் ஆண்டு வரைக்கும் சேர்."

"பிறகு?"

"ஓடிட்டன் சேர்."

சேர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்கு இவனையும் ஞாபகமில்லை, இவன் விரலையும் ஞாபகமில்லை. ஜெயந்தனும் சேர்ந்து சிரித்தான். "சேர், கண் ரெண்டையும் விட்டிட்டு மத்ததெல்லாம் உங்களுக்கு" என்றான். பக்கத்தில் நின்ற தக்ஷாயினி கம்பில் சுற்றியிருந்த நீல நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவன் பிள்ளையைச் சரியாகப் பார்த்ததே இல்லை. விடியப் போனால் பொழுதுபட வருவான். அவள் கொப்பிக்குள் தலையை விட்டபடி இருப்பாள். வாய்ப்பாடு கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள். கரண்டியால் சோறு சாப்பிடப் பழகியிருந்தாள். ஓட்டலில் சாப்பிடுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போல என்று ஜெயந்தனுக்குப் பெருமை. "பாத்தியா, டவுனுக்குப் போக முதலே டவுன் பழக்கம் வந்திட்டு!" என்று சிரித்தான். நிருஷா எழும்பி அடுப்படிக்குப் போனாள்.

ஆடி மாதம் பின்லாந்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் பள்ளிக்கூட ரீச்சர், மகளுக்குத் தக்ஷாயினியின் வயது. ரீச்சர் என்றதும் ஜெயந்தனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நாலு கேள்வியையும் நாற்பதாக்கிக் கேட்டான். ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமாம். டியூசன் என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கப்படுத்தவே கால் மணித்தியாலம் போயிற்று. பிள்ளைக்கு அடித்தால் அடுத்த நாள் நான் பொலிசில் நிற்பேன் என்றாள். ஜெயந்தன் அந்தச் சின்னப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, "ஏழெட்டு எத்தனை?" என்றான். அவள் விரலை மடக்கினாள், மேலே பார்த்தாள், விட்டுவிட்டுச் சிரித்தாள்.

தாய் வெட்கப்படவில்லை. "அடுத்த மாதம் தெரிந்துகொள்வாள்" என்றாள்.

அதோடு விடாமல் அந்தச் சின்னப் பெண் இவனைத் திருப்பிக் கேட்டாள். மீன் நித்திரை கொள்ளுமா என்று கேட்டாள். கடலிலேயே வயசு போனவனுக்கு விடை தெரியவில்லை. அட சனியன், வாய்ப்பாடு தெரியாததுக்கு மீனின் நித்திரையைப் பற்றி என்ன கவலை என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. நாளைக்கு உன் வயதில் ஒரு பிள்ளையைக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சேர் கலியாண வீடொன்றுக்குப் போனதால் வகுப்பில்லை. பின்லாந்துத் தாயும் மகளும் மறுபடி படகுக்கு வந்தார்கள். தக்ஷாயினியைச் சட்டை போடுவித்து, பொட்டு வைத்து, படகின் முன்பக்கம் நிறுத்தினான். "சொல்லு மகள், பன்னிரண்டாம் வாய்ப்பாடு." கடலுக்கு முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பன்னிரண்டிலிருந்து பதினாறு வரைக்கும் அவள் ஒப்புவித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடக்கவில்லை. மர்சூக் பக்கத்துப் படகிலிருந்து விசிலடித்தான். ஜெயந்தனுக்கு அந்த நேரம் பின்லாந்து முழுக்கத் தன் காலடியில் விழுந்துவிட்டது.

தாய் பின்லாந்துக்காரி கைதட்டிவிட்டுப் பையிலிருந்து சொக்லட் ஒன்றை எடுத்து நீட்டினாள். தக்ஷாயினி அப்பாவைப் பார்த்தாள். "வாங்கு மகள்" என்றான். பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து நீட்டினாள். சொக்லட் உள்ளங்கையில் விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை. சொக்லட் சறுக்கிக் கீழே கண்ணாடியில் விழுந்தது.

அப்போதுதான் அந்தக் கையை அவன் பார்த்தான். உள்ளங்கை இரண்டும் ஊதியிருந்தன. பழைய அடி மஞ்சளாகவும், போன கிழமை அடி நீலமாகவும், நேற்றைய அடி சிவப்பாகவும் வரி வரியாகக் கிடந்தன. பெருவிரல் மடிப்பில் தோல் வெடித்துச் சீழ் பிடித்திருந்தது. ஒரு விரல் நகம் கறுத்துப்போய்த் தூக்கிக்கொண்டு நின்றது.

என்ன இது என்று பின்லாந்துக்காரி பிள்ளையைக் கேட்டாள். அந்த இங்கிலீசு பிள்ளைக்கு விளங்கியது. "அப்பாட கம்பு" என்றாள் தமிழில்.

என்ன சொல்கிறாள் என்று அவள் ஜெயந்தனைப் பார்த்தாள். சைக்கிளால் விழுந்துவிட்டாள் என்றான் அவன். அந்தச் சின்னப் பெண் வரிகளைப் பார்த்தாள். பிறகு சுக்கான் பிடித்திருந்த அவனுடைய இடது கையைப் பார்த்தாள். "நீயும் சைக்கிளால் விழுந்தாயா?" என்று கேட்டாள். ஜெயந்தன் படகைக் கரைக்குத் திருப்பினான்.

வீட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திப் பிள்ளையைக் கேட்டான். "நேத்து எத்தனை அடி?"

"பதினாலு."

"என்ன பிழை விட்ட நீ?"

"பிழை விடல்லப்பா. விளங்கல்ல எண்டு சொன்னன். விளங்கல்ல எண்டு சொன்னா ரெட்டிப்பு."

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாய் நிருஷா மேல் பாய்ந்தான். "நீ ஏன் எனக்குச் சொல்லல்ல? கண் அவிஞ்சு போயா கிடந்தாய்?" மூன்று மாதமாகப் பிள்ளை படுத்த பிறகு தான் எண்ணெய் தடவுவதை அவள் சொன்னாள். அப்பாவுக்குச் சொன்னால் நான் படிக்கிறதில்லை என்று நினைப்பார் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். இன்னும் ஒரு மாதம்தானே, பரீட்சை முடியட்டும் என்று தானும் பார்த்திருந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ஜெயந்தன் கையை ஓங்கினான்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. "அடிங்க. கம்பு வேணுமெண்டா சேர்ட வாளிக்க கிடக்கு. நீங்க எண்ணெய் பூசிக் குடுத்ததுதானே!"

ஓங்கிய கை கதவில் விழுந்தது. பலகை பிளந்தது. அறைக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது.

திங்கட்கிழமை அவன் கம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரத்தான் போனான். அதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசி, கம்பை வாங்கிப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் வழி முழுக்க நினைத்தான். பின்னேரம் மூன்று மணி. வளவு வாசல் கடப்பைத் தாண்டும்போதே அடி விழுகிற சத்தம் கேட்டது. கொட்டிலுக்குள் தலையை விட்டான். பள்ளிக்கூடம் விட்டு நேரே வகுப்புக்கு வந்திருந்த தக்ஷாயினி முன்னால் நின்றாள். கையை நீட்டியிருந்தாள். சேரின் கையில் நீல நூல் சுற்றிய கம்பு இருந்தது.

பிறகு நடந்தது அவனுக்கே கோர்வையாக ஞாபகமில்லை. சேரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தான். கம்பைப் பறித்தான். முதல் அடி தோளில், இரண்டாவது காதோடு. சேர் கையைத் தூக்கி மறைத்தார், மூன்றாவது அடி அந்த விரல்களில் விழுந்தது. அந்தச் சத்தத்தை ஜெயந்தன் உடனே அடையாளம் கண்டான். ஆறாம் ஆண்டில் கேட்ட அதே சத்தம். கேட்டும் அவன் நிற்கவில்லை. அறுபது வயது மனிதர் வாங்குகளுக்கு இடையில் விழுந்து கிடந்தார். நெற்றி பிளந்து இரத்தம் வெள்ளைச் சேட்டில் வடிந்தது. கண்ணாடி நொறுங்கிக் காலடியில் கிடந்தது. இவன் மேலே ஏறி நின்று விளாசினான். எத்தனையோ வருசத்து அடியையும் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்கிற வெறி, வேறென்ன? கண்ணாக் கம்பு முறியவுமில்லை. நன்றாகப் பதம் பார்த்துக் காயப்போட்ட கம்பு அல்லவா!

"நீட்டு கையை!" என்று கத்தினான். "கையை நீட்டு!"

பின்னால் உடுப்புகள் சரசரத்தன. ஜெயந்தன் திரும்பினான். நாற்பது பிள்ளைகளும் எழும்பி நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை, ஓடவில்லை. எண்பது உள்ளங்கை அவனுக்கு முன்னால் விரிந்திருந்தது. ஆக முன்னால் நீண்டிருந்தது தக்ஷாயினியின் கை.

கம்பு அவன் கையிலிருந்து விழுந்தது. வெளியே போய் வேலிக் கம்பில் சாய்ந்தான். பொலிஸ் வரும்வரை அங்கேயே குந்தியிருந்தான்.

சேருக்கு இரண்டு விரல் முறிவு, நெற்றியில் ஏழு தையல். ஜெயந்தன் பதினொரு நாள் மறியல் சிறையில் இருந்து பிணையில் வந்தான். ஊர் அவன் பக்கம் நிற்கும் என்று நினைத்தீர்களா? பொலிஸ் வாசலில் வைத்தே தாய்மார் மண்ணள்ளித் தூற்றினார்கள். "படிக்காத மாடு! பரீட்சை கிட்ட வரக்குள்ள எங்கட புள்ளையள்ட வாழ்க்கையில மண் போட்டானே, பாழ்படுவான்!" என்று திட்டினார்கள். தகப்பன்மார் போய் சேரின் காலில் விழுந்தார்கள். அன்றைக்குக் கவிழ்ந்து கம்புகள் முறிந்துபோன வாளிக்குப் புதிதாகக் கம்பு வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. இரண்டாவது கிழமை சேர் வலக்கையில் கட்டுடன் கொட்டிலுக்கு வந்தார், இடக்கையால் அடிக்கப் பழகிக்கொண்டார். தக்ஷாயினியை மட்டும் ஊரில் ஒரு வகுப்பிலும் சேர்க்கவில்லை. வழக்கு முடியும்வரை கரைப்பக்கம் வரவேண்டாம் என்று ஓட்டல்காரரும் ஜெயந்தனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு பின்னேரம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன், தானே படிப்பிக்கலாம் என்று பிள்ளையைக் கூப்பிட்டான். அவள் கொப்பியோடு வந்து மூன்று முழம் தள்ளி நின்றாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அவனுக்கு அந்தத் தூரத்தில்தான் நிற்பாள். கை ஓரளவு ஆறியிருந்தது. கறுத்த நகம் விழுந்துவிட்டது.

"ஏழெட்டு?" என்றான்.

"ஐம்பத்தாறு."

வேறு என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டோடு நின்றவன் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு எதைக் கேட்பான்? வலையைப் பார்த்தான். அந்தப் பின்லாந்துச் சின்னப் பெண்ணின் கேள்விதான் ஞாபகத்துக்கு வந்தது.

"மீன் நித்திரை கொள்ளுமா மகள்?"

தக்ஷாயினி யோசித்தாள். கொப்பியில் இல்லை, கடந்தகால வினாத்தாள் ஒன்றிலும் இல்லை. கொப்பியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

ஜெயந்தனுக்கு வாய் விட்டு அழ வேண்டும்போல இருந்தது, அதற்கும் பயந்தான். ஆண்பிள்ளை அழுதால் இவள் இன்னும் மூன்று முழம் பின்னுக்குப் போய்விடுவாளோ என்று பயந்தான். வலையை மெதுவாக மடியிலிருந்து தள்ளினான்.

"எனக்கும் தெரியாது மகள்" என்றான். தன்னுடைய இடது கையை எடுத்து அவளுடைய கைகளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி நீட்டினான்.

உலைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்த நிருஷா கழுவுவதை நிறுத்தினாள். பிள்ளை அடிக்குக் காத்து நின்றாள். அடி விழவில்லை. பிறகு கண்ணைத் தாழ்த்தி, பக்கத்தில் நீண்டிருந்த கையைப் பார்த்தாள். மடங்கிப் போன அந்தச் சின்ன விரலை அவள் பிறந்த நாளிலிருந்து கண்டிருக்கிறாள், ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஒரு அடி கிட்ட வந்து, தன் விரல் நுனியால் அதைத் தொட்டாள்.

"இது ஆர்ட கம்புப்பா?" என்று கேட்டாள்.

"என்ட அப்பாட" என்றான் ஜெயந்தன்.